சனிக்கிழமை நாங்கள் எங்கே இருப்போம்



ஊரவர்கள் எல்லோருக்கும், முக்கியமாகப் போன வருடம் ஓகஸ்ட் மாதம் அந்த இரவு பள்ளிவாசல் முன்னால் நின்றவர்களுக்கும் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு வேலையும் கேட்கப் போகிறோம்.

இன்ஷா அல்லாஹ், இந்த ஜனவரி மாதக் கடைசிச் சனிக்கிழமை நாங்கள் மறுபடியும் ஹோட்டன் சமவெளிக்குப் போகிறோம். கிரிகல்பொத்த, தொட்டுபொல ஆகிய இரண்டு மலைகளையும் ஒரே நாளில் ஏறி இறங்குவதுதான் எண்ணம். பீதுருதாலகால 2,524 மீற்றர் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். அதற்கு அடுத்தது கிரிகல்பொத்த, 2,388 மீற்றர். மூன்றாவது தொட்டுபொல, 2,357 மீற்றர். பீதுருதாலகாலவின் உச்சியில் பாதுகாப்பு நிலையம் இருப்பதால் அங்கே நினைத்தபடி நடந்து ஏற முடியாது. ஆகவே நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள் இந்த நாட்டில் கால் நடையாக ஏறக்கூடிய மிக உயர்ந்த இடம் கிரிகல்பொத்ததான்.

"போன தடவை பட்டது போதாதா?" என்று பலர் கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்வதற்கு முன், போன தடவை நடந்ததை நாங்களே ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறோம். இதுவரை சொல்லவில்லை. "மழை பெய்தது, பிந்திவிட்டது, அல்ஹம்துலில்லாஹ் எல்லோரும் வந்து சேர்ந்தோம்" என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டோம். அது முழு உண்மை இல்லை.

போன வருடம் ஓகஸ்ட் விடுமுறையில் போனோம். ஏன் ஓகஸ்ட்? லீவு கிடைத்தது, அவ்வளவுதான். தென்மேல் பருவக்காற்று அந்தச் சமவெளியில் அடிக்கிற காலம் அது என்று வகுப்பில் படிப்பிக்கிற நாங்களே அதைப் பற்றி யோசிக்கவில்லை. ஸுபஹ் தொழுது, வீட்டில் சாப்பிட்டு, ஒவ்வொரு வாசலிலும் ஹோர்ன் அடித்து ஆட்களை ஏற்றிக்கொண்டு, நுவரெலியாவில் ஒருவரையும் ஏற்றி, பட்டிப்பொல வாசலுக்குப் போய்ச் சேரும்போது மணி 9. தொட்டுபொல ஏறும் வழி அந்த றோட்டிலேயே வருகிறது. முதலில் கண்ணில் பட்டதால் முதலில் அதை ஏறினோம். மேலே நின்று படம் எடுத்தோம், தேத்தண்ணி குடித்தோம். இறங்கி ஃபார் இன் பக்கம் போய், லுஹர் தொழுது, பகல் சாப்பாட்டையும் முடித்து கிரிகல்பொத்தப் பாதையில் கால் வைத்தபோது மணி 1.15.

இந்த நேரத்துக்கு மேல் போவது சரியில்லை என்று அங்கே நின்றவர்கள் சொன்னார்கள். "கொஞ்சத் தூரம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறோம்" என்று சொன்னோம். சொன்னபடி செய்யவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை அப்படிச் செய்தால் நாங்கள் என்ன சொல்வோம் என்று உங்களுக்குத் தெரியும்.

4 மணிக்கு மழையும் பனிமூட்டமும் சேர்ந்து வந்தது. அஸரை நனைந்துகொண்டே தொழுதோம். தொழுத இடத்திலிருந்தே திரும்பினோம். உச்சியை நாங்கள் காணவேயில்லை. திரும்பும் வழியில்தான் மூங்கில் பற்றைக்குள் ஒரு தம்பி எங்களை விட்டுப் பிரிந்தான். அப்போது அவன் உயர்தரம் முதலாம் வருடம். அந்தப் பற்றைக்குள் மரைகள் போய் வந்த தடங்கள் நிறைய. மழையில் அவையும் மனிதர் நடந்த பாதை மாதிரியே தெரியும். அவன் கடைசியாக வந்தான், சப்பாத்து நூலைக் கட்டக் குனிந்தான், நிமிர்ந்து பார்க்கும்போது எங்களைக் காணவில்லை. முன்னால் தெரிந்த தடத்தில் போய்விட்டான். அது மரைத் தடம்.

அவன் இல்லை என்று எங்களுக்குத் தெரிய வர இருபது நிமிடமாவது போயிருக்கும். ஒருவரும் தலை எண்ணவில்லை. 11 பேர் போனோம், 3 டோர்ச் இருந்தது. அவனிடம் டோர்ச் இல்லை. அவனுடைய போனில் சார்ஜும் இல்லை, இருந்திருந்தாலும் அந்த இடத்தில் சிக்னல் இல்லை.

கூப்பிட்டோம். காற்றில் சத்தம் எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியவில்லை. இருட்டிவிட்டது. மஃரிப் நேரம் வந்ததும் எங்களில் ஒருவர் ஒரு பாறைமேல் ஏறி நின்று பாங்கு சொன்னார். அவனுக்குக் கேட்கட்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. நேரம் வந்தது, சொன்னார். அது அவனுக்குக் கேட்டது. நாங்கள் "ஓய், ஓய்" என்று கத்தியது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று புரியாமல் நின்றவன், பாங்கு நிற்காமல் ஒரே இடத்திலிருந்து வந்ததால் அந்தப் பக்கம் நடந்து வந்தான். முழங்காலில் காயம், உடம்பெல்லாம் நடுக்கம். ஆனாலும் வந்து சேர்ந்தான்.

ஃபார் இன்னுக்கு நாங்கள் திரும்பியது இரவு 8.30. பூங்காவை விட்டு 6 மணிக்கு வெளியேறியிருக்க வேண்டும். அங்கே இருந்த உத்தியோகத்தர்கள் டோர்ச்சோடு பாதையில் எங்களைத் தேடி வந்திருந்தார்கள். ஏசவில்லை. சுடச்சுடப் பிளேன்ரீ தந்தார்கள். ஏசியிருந்தால் மனம் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வேன் கீழே இறங்கும்போது ஒருவருடைய போனுக்கு சிக்னல் வந்தது. 63 மிஸ்ட் கோல். அந்த நேரம் ஊரில் என்ன நடந்தது என்று எங்களை விட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இஷா முடிந்தும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. இளைஞர்கள் இரண்டு வேனிலும் ஒரு லொறியிலும் புறப்பட்டு அம்பேவெலையில் எங்களைச் சந்தித்தார்கள். அந்த லொறிக்கு டீசல் அடித்த நானா இன்று வரைக்கும் காசு கேட்கவில்லை. நாங்கள் எந்த மலைக்குப் போனோம் என்று கூட ஊரில் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. சிலர் உலக முடிவு என்றார்களாம், சிலர் சிவனொளிபாதமலை என்றார்களாம். எங்கே தேடுவது என்றே தெரியாமல்தான் நீங்கள் தேடப் புறப்பட்டீர்கள்.

அடுத்த திங்கட்கிழமை அந்தத் தம்பியின் உம்மா எங்களைத் தேடி வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்துக் கதிரையைக்கூட ஒழுங்காகக் காட்டாமல் நின்றோம். அவர் உட்கார்ந்து ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"எத்தனை மணிக்கு வருவீங்க, எந்தப் பாதையால வருவீங்கன்னு ஒரு ஆளுகிட்டயாவது சொல்லிட்டுப் போனீங்களா சேர்?"

இல்லை என்றோம். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்.

இந்தப் பதிவு அந்தக் கேள்விக்கான பதில். ஐந்து மாதம் பிந்தி வருகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தடவை திட்டத்தை முதலிலிருந்து போட்டோம். மூன்று வியாழக்கிழமை பின்னேரம் பாடசாலை முடிந்ததும் உட்கார்ந்து பேசினோம். என்ன முடிவெடுத்தோம், ஏன் எடுத்தோம் என்பதைச் சொல்கிறோம். உங்களில் யாராவது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனாலும் உதவும்.

முதலாவது, காலம். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரைதான் அந்தச் சமவெளியில் ஓரளவு காய்ந்த காலம். அதிகாலையில் புல்லில் உறைபனி விழும், குளிர் எலும்பில் ஏறும். ஆனால் வெள்ளைவெளேரென்ற வானம் கிடைக்கும். காலை 9, 10 மணிக்குப் பிறகு பனிமூட்டம் ஏறி வருவது இந்த மாதங்களிலும் நடக்கும். ஆகவே பார்க்க வேண்டியதைக் காலையிலேயே பார்த்துவிட வேண்டும். நோன்பும் நெருங்கி வருவதால் இந்தக் கிழமையை விட்டால் பிறகு பெருநாள் முடிந்த பிறகுதான்.

இரண்டாவது, எந்த மலை முதலில். போன தடவை சின்னதை முதலில் ஏறியதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். கிரிகல்பொத்தப் பாதை போக மட்டும் சுமார் 7 கிலோமீற்றர், வர இன்னும் 7. சமவெளி என்று பெயர் இருந்தாலும் அந்தப் பாதை இறங்கி ஏறி, இறங்கி ஏறித்தான் போகிறது. சில இடத்தில் சதுப்பு, சில இடத்தில் மூங்கில், சில இடத்தில் கையை ஊன்றி ஏற வேண்டிய வேரும் பாறையும். தொட்டுபொலவோ போக 2 கிலோமீற்றர் அளவுதான், றோட்டிலிருந்தே ஏறலாம். நீளமானதையும் தூரமானதையும் உடம்பில் தெம்பு இருக்கும்போது, வெளிச்சம் முழுதாக முன்னால் இருக்கும்போது செய்ய வேண்டும். மிச்சம் இருந்தால்தான் கிட்ட இருப்பது. ஆகவே இந்தத் தடவை பொரலந்த, ஒஹிய வழியாக மேலே போகிறோம். அப்படிப் போனால் ஃபார் இன் முதலில் வரும். பட்டிப்பொல வழியாக வெளியேறும்போது தொட்டுபொல கடைசியாக வரும். வழியை மாற்றியதால் முதலில் கண்ணில் படுவதை ஏறுகிற ஆசைக்கும் இடமில்லை.

மூன்றாவது, நேரக் கணக்கு. இதைப் போட்டுத் தந்தது எங்கள் கணித டீச்சர். அவர் வரவில்லை, அவருடைய தம்பி வருகிறார். அதனால்தானோ என்னவோ எங்களைவிட நுணுக்கமாகக் கணக்குப் பார்த்தார். ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நெய்ஸ்மித் என்ற மலையேறுபவர் 1892இல் சொன்ன ஒரு கணக்கு இருக்கிறது. 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், 600 மீற்றர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணித்தியாலம். இந்தக் கணக்கின்படி 14 கிலோமீற்றருக்கு 2 மணி 48 நிமிடம். ஃபார் இன் பக்கம் சுமார் 2,100 மீற்றர் உயரம். அங்கிருந்து உச்சிக்கு 300 மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, அதற்கு அரை மணித்தியாலம் வைத்தால் எல்லாம் சேர்த்து 3 மணி 18 நிமிடம்.

இதைப் பார்த்ததும் எங்களில் சிலருக்குச் சந்தோஷம். "அப்போ பத்தரைக்குத் திரும்பிடலாமே!"

டீச்சர் சிரிக்கவில்லை. "அது நல்ல பாதையில, நல்லா நடக்கிற ஆளுக்கு. நீங்க கன்டீன் படி ஏறவே மூச்சு வாங்குறீங்க. ரெண்டால பெருக்குங்க."

பெருக்கினால் 6 மணி 36 நிமிடம். "நிக்கிற நேரம் எங்க? சாப்பிடுற, தண்ணி குடிக்கிற, சப்பாத்துக்குள்ள போன கல்லை எடுக்கிற நேரம்?" என்று இன்னும் 40 நிமிடம் சேர்த்தார். ஏழேகால் மணித்தியாலம். காலை 6.45க்குத் தொடங்கினால் பகல் 2 மணி. போன தடவை இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டிருந்தாலே 1.15க்கு அந்தப் பாதையில் கால் வைத்திருக்க மாட்டோம்.

நான்காவது, தொழுகை. பயணம்தானே, லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதால் லேசு என்று நாங்களாகவே முடிவெடுத்திருந்தோம். பிறகு ஹஸரத்திடம் கேட்டோம். எங்கள் ஊரிலிருந்து அங்கே 40 கிலோமீற்றருக்குள்தான். பயணத் தொழுகைக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் வேண்டும். "மலை உயரமா இருக்கலாம் சேர், தூரம் போதாதே" என்றார். ஆகவே ஒவ்வொரு தொழுகையும் அதனதன் நேரத்தில். யோசித்துப் பார்த்தால் இது திட்டத்துக்கு நல்லதாகவே போனது. ஸுபஹ் கீழே வழியில் உள்ள பள்ளிவாசலில். லுஹர் 12.20 அளவில் தொடங்குகிறது, அஸர் 3.40 தாண்டி. 2.30க்குள் ஃபார் இன்னுக்குத் திரும்பிவிட்டால் தண்ணீர் இருக்கிற இடத்தில் நிம்மதியாக லுஹர் தொழலாம். அஸர் தொட்டுபொல ஏறும் வழியில் அல்லது மேலே. கிப்லா அங்கிருந்து மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே சாய்ந்து. பனிமூட்டத்தில் சூரியனைப் பார்க்க முடியாது என்பதால் ஒரு திசையறி கருவியும் வருகிறது. அதைப் பார்க்க அந்தத் தம்பிக்குப் பழக்கியிருக்கிறோம். இப்போது எங்களைவிட அவன் நன்றாகப் பார்க்கிறான்.

ஆம், அவனும் வருகிறான். இதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருந்தது. மறுபடி அவனைக் கூட்டிக்கொண்டு போவது அந்த உம்மாவுக்குச் செய்கிற அநியாயம் என்று பாதிப் பேர் சொன்னோம். விட்டுவிட்டுப் போனால் தொலைந்தது அவனுடைய குற்றம் என்று ஊர் நினைக்கும் என்று மற்றப் பாதி. தொலைந்தது அவன் இல்லை, தொலைத்தது நாங்கள். கடைசியில் உம்மாவிடமே போய்க் கேட்டோம். நீண்ட நேரம் பேசாமல் இருந்தார்.

"அவனுக்குப் பதினெட்டு முடிஞ்சிட்டு. நான் வேணாம்னு சொன்னா கேப்பான், ஆனா மனசுல வச்சிட்டே இருப்பான். எல்லாத்தையும் பேப்பர்ல எழுதித் தாங்க. நேரத்தோட."

எழுதிக் கொடுத்தோம். அந்தத் தாளின் பிரதி ஒன்று பள்ளிவாசல் அறிவித்தல் பலகையிலும் இருக்கிறது. இப்போது உங்களுக்கும் சொல்கிறோம்.

காலை 4.30க்கு வேன் புறப்படும். வாசல் வாசலாக ஏற்றுவதில்லை. பள்ளிவாசல் முன்னால் நிற்காதவரை விட்டுவிட்டுப் போவோம். 6 மணிக்கு ஒஹிய வாசல். 6.45க்கு ஃபார் இன்னிலிருந்து நடை. என்ன காரணத்தாலோ 7.30 தாண்டிவிட்டால் கிரிகல்பொத்த இல்லை, உலக முடிவைப் பார்த்துவிட்டு வருவோம்.

11 மணிக்கு எங்கே நிற்கிறோமோ அங்கேயே திரும்புவோம். உச்சி நூறு மீற்றரில் தெரிந்தாலும் திரும்புவோம். இந்த ஒரு வரியைத்தான் மிக நீண்ட நேரம் பேசினோம். "அந்த நேரத்தில பார்த்துக்கலாம்" என்று சொல்வது எங்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அந்த நேரத்தில் கால் வலிக்கும், ஆசை மிஞ்சும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம், முதலில் 'திரும்புவோம்' என்று சொல்ல ஒருவருக்கும் வெட்கம் விடாது. போன தடவை அப்படித்தான் நடந்தது. எங்களில் மூன்று பேர் 2 மணிக்கே திரும்ப வேண்டும் என்று நினைத்தார்களாம். இப்போதுதான் சொல்கிறார்கள். ஆகவே அந்த முடிவை மலையில் எடுக்காமல் இங்கே, கதிரையில் உட்கார்ந்துகொண்டு எடுத்துவிட்டோம்.

2.30க்குள் ஃபார் இன். 3.15க்குள் தொட்டுபொல அடியில் நிற்க முடிந்தால் மட்டுமே அதை ஏறுவோம். அதற்குப் போக வர இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். 3.15 தாண்டினாலோ, வேண்டாம் என்று அங்கே உள்ள உத்தியோகத்தர்கள் சொன்னாலோ, ஒரு மலையோடு வீடு திரும்புவோம். எப்படியும் 5.15க்குள் றோட்டில். 6 மணிக்குப் பட்டிப்பொல வாசலுக்கு வெளியே. மஃரிப் வழியில். அம்பேவெலை, நுவரெலியா, ஹக்கலை வழியாக இரவு 8.30 அளவில் ஊர்.

நடப்பவர்கள் 8 பேர். அதற்கு மேல் சேர்க்கவில்லை, பலர் கேட்டும். ஒருவருக்கு முடியாமல் போனால் அவரைத் தனியே திருப்பி அனுப்புவதில்லை. இருவர் கூடவே திரும்புவார்கள். மெதுவாக நடப்பவர் முன்னால் நடப்பார், அவருடைய வேகம்தான் எல்லோருடைய வேகமும். கடைசியில் நடப்பவர் எங்கள் உடற்கல்வி சேர். அவருக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. ஒவ்வொரு பற்றை தாண்டியதும் தலை எண்ணுவோம். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு விசில். ஆபத்தென்றால் ஒரு நிமிடத்துக்கு 6 தடவை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி 6. கேட்டவர் பதிலுக்கு 3 தடவை. இது உலகம் முழுவதும் மலையேறுபவர்கள் வைத்திருக்கும் முறை. வழி தவறினால் நடக்கக் கூடாது, நின்ற இடத்தில் நின்று ஊத வேண்டும். பாங்குச் சத்தம் அவனைக் கொண்டு வந்து சேர்த்தது அல்லாஹ்வின் உதவி. அந்த உதவியை நம்பி விசிலை வீட்டில் வைத்துவிட்டுப் போக முடியாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் என்று எத்தனை ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம்.

ஆளுக்கொரு டோர்ச், 2 லீற்றர் தண்ணீர், மழைக் கோட், மாற்றிப் போட ஒரு மேலாடை, கம்பளித் தொப்பி. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. போன்களில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி, மூன்று பேருடையதை மட்டும் திறந்து வைத்து மற்றவற்றை அணைத்து வைப்போம். சாப்பாட்டுக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும், அவித்த கடலை, பேரீச்சம்பழம், கித்துள் பனங்கட்டி. எல்லாம் டப்பாவிலும் வாழை இலையிலும். அங்கே பையைத் திறந்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. நாம் வீசுகிற பையை மரைகள் தின்றுவிடுகின்றன. மகாவலி, களனி, வளவை என்று மூன்று ஆறுகளுக்கும் தண்ணீர் தொடங்குகிற இடம் அது. 1988இல் தேசிய பூங்காவாகவும், 2010இல் மத்திய மலைநாட்டோடு சேர்த்து உலக மரபுரிமையாகவும் அறிவிக்கப்பட்ட இடம். விருந்தாளியாகத்தான் போகிறோம்.

இன்னொருவரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. எங்கள் புவியியல் சேர். எங்களில் பாதிப் பேருக்கு அவர்தான் இலங்கைப் படத்தில் இந்த மலைகளைக் காட்டித் தந்தார். இந்த வருடம் ஓய்வு பெறுகிறார். முப்பது வருடமாகக் கரும்பலகையில் முக்கோணம் போட்டுப் பெயர் எழுதிய கிரிகல்பொத்தவை அவர் ஒரு நாளும் ஏறியதில்லை. ஆசை இருக்கிறது. சீனியும் இருக்கிறது, இரண்டு தடவை தலை சுற்றி விழுந்தும் இருக்கிறார். அவரிடம் எப்படி 'வேண்டாம்' என்று சொல்வது என்று நாங்கள் ஒரு கிழமை தவித்தோம். இரண்டாவது வியாழக்கிழமை அவரே பேச்சைத் தொடங்கினார்.

"கிரிகல்பொத்தவுக்கு நான் வரல்ல. நான் கீழ வேனோட நிக்கிறேன். ஆனா நேரம் என்ட கையில. ரெண்டரைக்கு நீங்க வந்து சேரல்லன்னா உங்களுக்காக நான் கவலைப்பட்டுட்டு நிக்க மாட்டேன். நேரா உத்தியோகத்தர்கிட்ட போய்ச் சொல்லிடுவேன்."

அவர் அதைச் செய்வார். எங்கள் எல்லோரையும் பிரம்பால் அடித்தவர். நேரத்துக்கு வந்து சேர்ந்தால், 3.15க்கு அவரும் எங்களோடு தொட்டுபொல ஏறுவார். மெதுவாக நடப்பவர் முன்னால் என்ற விதியின்படி அவர்தான் முன்னால் நடப்பார். மேலே போனதும் வானம் தெளிந்திருந்தால் எது எந்த மலை என்று பெயர் சொல்லிக் காட்டும்படி கேட்கப் போகிறோம். இதை எழுதும்போதே எங்களுக்கு ஒன்று விளங்குகிறது. கிரிகல்பொத்தவில் நாங்கள் சுணங்கினால் அவருடைய மலையைத்தான் பறிக்கிறோம். 11 மணிக்குத் திரும்ப அதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

இனி உங்களிடம் கேட்கும் வேலை.

மாலை 6.30 தொடக்கம் 7 மணிக்குள் அம்பேவெலைப் பக்கம் வந்ததும் பள்ளிவாசல் செயலாளருக்கு ஒரு கோல் எடுப்போம். 7.30 வரை அந்தக் கோல் வராவிட்டால், தயவுசெய்து ஒருவரும் வேனை எடுத்துக்கொண்டு தேடிப் புறப்பட வேண்டாம். இருட்டில் அந்தப் பாதை தெரியாத நீங்களும் ஆபத்தில் விழக் கூடாது. செயலாளர் முதலில் பூங்கா அலுவலகத்துக்கும் பிறகு 119க்கும் அறிவிப்பார். காயம் என்று தெரிந்தால் 1990 அம்பியுலன்ஸ். எந்தப் பாதை, எத்தனை பேர், என்ன நிற உடுப்பு, யாருக்கு என்ன நோய் என்று எல்லாம் அவரிடம் உள்ள தாளில் இருக்கிறது. எங்கள் வீடுகளில் யாராவது பயந்தால் அவர்களோடு கொஞ்சம் போய் இருங்கள். போன தடவை செய்தீர்கள். அதற்கு நாங்கள் ஒரு ஜஸாகல்லாஹ் கூடச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறோம். ஜஸாகுமுல்லாஹு கைரா.

போன தடவை எங்களால் தூக்கம் கெட்ட எல்லோரிடமும், குறிப்பாக அந்த உம்மாவிடமும், எங்களுக்காக மழையில் பாதையில் வந்து நின்ற அந்த உத்தியோகத்தர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறோம். அவர்களுக்கென்று பொரலந்தத் தோட்டத்துக் கிழங்கு ஒரு மூட்டையும் வேனில் வருகிறது. திட்டத்தில் எங்காவது பிழை இருந்தால் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் சொல்லுங்கள், திருத்துகிறோம். வெட்கப்பட மாட்டோம்.

துஆச் செய்யுங்கள். சனி இரவு ஊர் வந்ததும், எத்தனை மலை ஏறினோம் என்பதை இந்தப் பதிவிலேயே எழுதுகிறோம். இரண்டு என்றால் இரண்டு, ஒன்று என்றால் ஒன்று. எண்ணிக்கை எதுவானாலும் 8 பேரும் சேரும் வீட்டில் இருப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.